பார்வையற்ற பிள்ளைகளின் மாலை நேரம்

ஒரு கிராமத்தின் வளர்ச்சியை மதிப்பிடப் புகும்போது சாலை எவ்வளவு தூரம் போடப்பட்டது, குடிநீர்க் குழாய்கள் எத்தனை, பள்ளிக் கட்டடம் எந்நிலையில் உள்ளது என்று கணக்கெடுப்பது வழக்கம். அக்கிராமத்துப் பிள்ளைகளின் மாலைப்பொழுது எவ்வாறு கழிகிறது என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை. பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் தாமாகவே திடலுக்கும் குளக்கரைக்கும் ஓடிவிடுகின்றனர். கண்பார்வை இல்லாத பிள்ளைக்கோ அந்த மணி விளையாட்டின் தொடக்கமன்று. அன்றைய நாளின் முடிவாகும். கையைப் பிடித்து வீட்டிற்கு அழைத்து வந்து திண்ணையில் அமர்த்திவிடுகிறோம். விளக்கு வைக்கும் வரையில் தெருவில் பிற பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டுக்கொண்டு அப்பிள்ளை அங்கேயே இருக்கிறது.

இதனைக் கொடுமை என்று சொல்ல இயலாது. அன்பினாலேயே அவ்வாறு செய்கிறோம். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன்களின் கிராமங்களை அறிந்தவர்களுக்கு அந்த அச்சத்தின் காரணமும் தெரியும். வீட்டுக்கு முன்னே வாய்க்கால், கொல்லைப்புறத்தில் குட்டை, சிறிது நடந்தால் அரசலாறு, கிழக்கே கடல். ‘விழுந்துவிட்டால் யார் பார்ப்பது?’ என்று தாய்மார் கேட்கும்போது எளிதில் மறுமொழி கூற முடிவதில்லை. ஆயினும் பத்து ஆண்டுகள் திண்ணையில் அமர்ந்திருந்த பிள்ளை பதினாறு வயதில் எவ்வாறு இருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஓடிப் பழகாத கால்கள் வலுவிழக்கின்றன. உடல் முன்பக்கம் கூனுகிறது. தோழர்கள் என்று சொல்லிக்கொள்ள எவரும் இரார். பள்ளிப் பாடங்களில் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையாயினும், விடுமுறை நாளில் தன் நேரத்தைத் தானே கழிக்கத் தெரியாமல் பிறர் வந்து எழுப்பும் வரை அமர்ந்திருக்கும் நிலை வந்துவிடுகிறது. குளத்தில் விழாமல் காத்த நாம், இந்த இழப்பை நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களைத் தவிர வேறு என்ன கற்பிக்க வேண்டும் என்று 1996-ல் பிலிப் ஹாட்லன் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் வகுத்துக் கூறினார். அவர் குறித்த ஒன்பது துறைகளில், கோல் பிடித்து நடத்தல், தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளல் ஆகியவற்றோடு ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் திறனும் ஒன்று. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், இப்பிள்ளைகளுக்குக் கல்வியோடு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவருக்குச் சமமான வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே இது தர்மச் செயலன்று, கடமை.

விளையாட்டையும் கற்பிக்க வேண்டுமா?

விளையாட்டைப் போய் யாராவது கற்பிப்பார்களா என்று விவசாயப் பெருமக்கள் வியக்கக்கூடும். பார்வையுள்ள பிள்ளை வேடிக்கை பார்த்தே கற்றுக்கொள்கிறது. கபடி ஆடத் தொடங்கும் சிறுவன் அதற்கு முன் நூறு ஆட்டங்களைத் திடலோரம் நின்று பார்த்திருக்கிறான். கோடு எங்கே, எத்தனை பேர், தொட்டால் என்ன, பிடித்தால் என்ன என்று எவரும் அவனுக்கு விளக்கவில்லை. பார்வையற்ற பிள்ளைக்கு அந்த நூறு ஆட்டங்களும் வெறும் இரைச்சலாகவே கேட்டிருக்கும். அப்பிள்ளையைத் திடலில் கொண்டுபோய் விட்டு, ‘போய் விளையாடு’ என்று சொல்வதில் பயனில்லை, எதை விளையாடுவது?

ஆகையால் முதலில் இடத்தைக் காட்ட வேண்டும். ஆட்டம் இல்லாத வேளையில் திடலின் நான்கு எல்லைகளையும் பிள்ளையோடு நடந்து, மூலையில் நிற்கும் வேப்பமரத்தையும் கம்பத்தையும் தொட்டுக் காட்ட வேண்டும். அடுத்துப் பொருள்களைக் காட்ட வேண்டும். அதன் பின்னரே அசைவுகள். பந்தை எறியக் கற்பிக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பது பலருடைய வழக்கம், அது நன்றன்று. ஆசிரியர் தம் கையால் எறிய, பிள்ளை தன் கையை அதன்மேல் வைத்து அந்த அசைவை உணரச் செய்வதே சிறந்தது. இழுக்கப்படும் கை அஞ்சும். தொட்டறியும் கை கற்கும். ‘இங்கே’, ‘அங்கே’, ‘அப்படி’ என்னும் சொற்கள் இப்பயிற்சியில் உதவா. ‘உன் வலக்கைப் பக்கம் மூன்று அடி’ என்றே சொல்ல வேண்டும்.

பார்வையற்றவர் என்று நாம் குறிக்கும் பிள்ளைகளில் பலருக்குச் சிறிதளவு பார்வை இருப்பதையும் மறத்தலாகாது. அவர்களுக்குப் புல்தரையில் மஞ்சள் நிறப் பந்து தெரியக்கூடும்; மணல் நிறப் பந்து தெரியாது. உச்சி வெயிலில் கடற்கரை மணலின் கூச்சம் உள்ள பார்வையையும் மறைத்துவிடும். அத்தகையோருக்கு ஏற்ற வேளை வெயில் சாய்ந்த பின்னரே.

கண்ணைக் கட்டி ஆடும் ஊர்

பொங்கல் திருநாளில் நம் ஊர்களில் பானை உடைக்கும் போட்டி நடவாத தெரு குறைவு. கண்ணைத் துணியால் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கையில் கழியைக் கொடுத்து, ‘இடப்பக்கம் போ’, ‘வலப்பக்கம் போ’ என்று ஊரே கூச்சலிடும். வழி தவறியவன் வெறும் காற்றை அடிப்பான், கூட்டம் சிரிக்கும். ஊரிலுள்ள அனைவரும் ஒரு நிமிடம் பார்வையற்றவராகி ஆடும் இந்த ஆட்டத்தில், உண்மையாகவே பார்வையில்லாத பிள்ளையை மட்டும் ஓரத்தில் அமர்த்தி வைப்பது விந்தையே. பல குரல்களின் நடுவே ஒரு குரலைப் பிரித்தறிவது அப்பிள்ளைக்கு நாள்தோறும் உள்ள பழக்கம். மற்றவர் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு அதுவும் வேண்டுவதில்லை. ஒரே எச்சரிக்கை, கழி வீசும் எல்லைக்குள் சிறுவர்கள் நிற்கலாகாது. அது எல்லாப் போட்டியாளருக்கும் பொதுவானது.

கண்ணாமூச்சியும் அவ்வாறே. தேடுபவரின் கண் கட்டப்படும் வகையில், பார்வையற்ற பிள்ளை தேடுபவராக இருக்கும்போது ஆட்டத்தின் விதி எதுவும் மாறுவதில்லை. ஒளிபவராக இருக்கும்போது மட்டும் ஒரு துணைவர் வேண்டியிருக்கும்.

வீட்டிற்குள் ஆடும் ஆட்டங்களில் பல்லாங்குழியைப் போலத் தொடு உணர்வுக்கு இசைந்தது வேறொன்று நமக்குத் தோன்றவில்லை. இரு வரிசை, வரிசைக்கு ஏழு, ஆகப் பதினான்கு குழிகள்; புளியங்கொட்டை அல்லது சோழி. குழி தானே எல்லையாக இருப்பதால் கை பட்டுக் காய்கள் கலைந்துபோவதில்லை. எந்தக் குழியில் எத்தனை உள்ளது என்பதை விரல் நுனியே எண்ணிவிடும். எதிராளி தாம் எந்தக் குழியிலிருந்து எடுக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொன்னால் போதும். வேறு சலுகை எதுவும் வேண்டுவதில்லை. பேத்தியோடு ஆடும் பாட்டி விட்டுக்கொடுக்காமல் ஆட வேண்டும் என்பது நம் வேண்டுகோள். இதனைப் பெண்பிள்ளைகளின் ஆட்டம் என்று ஒதுக்கிச் சிறுவர்களுக்குக் கொடாமலிருப்பதற்கும் காரணம் இல்லை.

தாயத்திற்குச் சிறிது மாற்றம் தேவை. பித்தளைத் தாயக்கட்டையின் புள்ளிகள் குழிவாக இருப்பதால் விரலால் படிக்கலாம்; ஆனால் தரையில் உருட்டினால் ஓடிவிடும். முறத்தில் உருட்டினால் ஓடாது. சுண்ணக்கட்டியால் வரைந்த கட்டம் பயன்படாது. பலகையில் கோடுகளைக் கீறியோ, சணல் நூலை ஒட்டியோ கட்டம் அமைக்க வேண்டும். வெட்டுப்படாத கட்டங்களில் ஒரு குமிழாணியை அடித்துவிட்டால் அவற்றைத் தடவி அறியலாம். ஒருவர் காய் புளியங்கொட்டை என்றால் மற்றவர் காய் கூழாங்கல்லாக இருக்கட்டும். ஆடுபுலி ஆட்டத்திலும் இம்முறையே. களிமண் பலகையில் கோடுகள் சந்திக்கும் இடந்தோறும் சிறு குழி வைத்து உலர்த்திக்கொண்டால், 15 ஆடுகளும் 3 புலிகளும் தத்தம் இடத்தில் அசையாமல் நிற்கும். குயவர் இருக்கும் ஊரில் இது ஒரு நாழிகை வேலை.

சதுரங்கத்தில் இந்த முறை உலக அளவில் நிலைபெற்றுவிட்டது. பார்வையற்றோருக்கான பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் துளை இருக்கும். காய்களின் அடியில் முளை இருக்கும். ஒரு நிறத்தின் காய்களுக்குத் தலையில் சிறு கூர் வைத்திருப்பார்கள். இருவரும் தனித்தனிப் பலகை வைத்துக்கொண்டு, நகர்த்தலை வாயால் அறிவித்து ஆடுவர். காயைத் தொட்டுப் பார்ப்பது குற்றமாகாது. துளையிலிருந்து எடுத்துவிட்டால் மட்டுமே அதனை ஆடியாக வேண்டும். இவர்களுக்கான சர்வதேசச் சங்கம் 1951-ல் தோன்றியது. பார்வையுள்ளவரோடு சரிசமமாக அமர்ந்து வெல்லக்கூடிய ஆட்டம் இது. ஊர் நூலகத்தில் இத்தகைய பலகை ஒன்று இருப்பின், அதனைத் தேடி வரும் பிள்ளைக்கு நூலகத்திற்கு வரும் வழியும் பழகிவிடும்.

ஓசையுள்ள பந்து

திடலில் ஆடும் ஆட்டங்களுக்குப் பந்து ஒலிக்க வேண்டும். இதற்கெனச் செய்யப்பட்ட மணிப்பந்துகள் விற்பனைக்கு உண்டு. அவை வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; சாதாரணக் கால்பந்தை ஒரு பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைக் கட்டிவிட்டால், உருளும்போது சலசலவென்று ஓசை எழும். பை கிழிந்தால் வேறு பை. இவ்வளவு எளிய உபாயம் இருக்க, பந்து கிடைக்கவில்லை என்று சொல்லி ஓராண்டைக் கழிப்பது முறையன்று.

இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களின் மறுவாழ்வுக்காக 1946-ல் ஐரோப்பாவில் ‘கோல்பால்’ என்னும் ஆட்டம் உருவாக்கப்பட்டது. அணிக்கு மூவர். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், 1.25 கிலோ எடையுள்ள மணிப்பந்தை எதிரணியின் எல்லையை நோக்கி உருட்ட வேண்டும். எதிரணியினர் ஓசையைக் கொண்டு தரையில் படுத்துத் தடுப்பர். அனைவரும் கண்களை மூடிக் கட்டிக்கொள்வதால் சிறிது பார்வை உள்ளவருக்கும் முற்றும் இல்லாதவருக்கும் வேறுபாடு இராது. களத்தின் கோடுகளுக்கு அடியில் கயிற்றை வைத்து மேலே நாடா ஒட்டியிருப்பதால் காலாலும் கையாலும் தடவி இடத்தை அறியலாம். 1976 முதல் இது பாராலிம்பிக் போட்டிகளில் இடம் பெற்றுள்ளது. பார்ப்பவர்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது இதன் முக்கிய விதி. ஒலிபெருக்கி ஓயாத நம் ஊர்களில் இந்த ஒரு விதியை நிறைவேற்றுவதே பஞ்சாயத்துக்குப் பெரிய சோதனையாகும்!

கிரிக்கெட்டைப் பற்றி நம் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்வையற்றோர் ஆடும் கிரிக்கெட்டில் பந்து கடினப் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே சிறு குண்டுகள் இருப்பதால் கலகலக்கும். பந்து வீசுபவர் கையைத் தாழ்த்தி வீச வேண்டும். பாதித் தூரத்திற்குள் ஒரு முறையேனும் பந்து தரையில் பட வேண்டும். வீசுவதற்கு முன் ‘தயாரா?’ என்று கேட்டு, மட்டையாளர் ‘ஆம்’ என்ற பின்னரே வீசலாம். அணியின் 11 பேரில் குறைந்தது 4 பேர் முற்றும் பார்வையற்றவராக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டங்கள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். இதன் முதல் உலகக் கோப்பைப் போட்டி 1998-ல் புதுதில்லியில் நடைபெற்றது. 2025 நவம்பரில் கொழும்பில் முடிவுற்ற பெண்களுக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்திய அணி வென்றது. இச்செய்தியை நம் கிராமங்களில் பெண்பிள்ளையைத் திண்ணையை விட்டு இறக்க அஞ்சும் பெற்றோர் அறிவது நலம்.

உறுப்பினர்கள் அடுத்த மாதமே செய்து முடிக்கக்கூடியது ஓடுகயிறு. பள்ளித் திடலில் 30 மீட்டர் இடைவெளியில் இரு கம்பங்களை நட்டு, பிள்ளையின் இடுப்பு உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கயிற்றைக் கட்டுவதற்கு முன் அதில் ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கோத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை அக்குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடினால் குழாய் கயிற்றின்மேல் வழுக்கிச் செல்லும். உள்ளங்கை உரசிப் புண்ணாகாது. முடிவுக்கு 3 மீட்டர் முன்னே கயிற்றில் பருத்த முடிச்சு ஒன்று இருத்தல் வேண்டும். குழாய் அதில் இடித்ததும் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளை அறிந்துகொள்ளும். ஒருவர் கையையும் பிடிக்காமல் முழு வேகத்தில் ஓடுவது என்பது பல பிள்ளைகளுக்கு வாழ்நாளில் அதுவே முதல் முறையாக இருக்கும். பழகிய பின், துணை ஓட்டக்காரர் ஒருவரோடு சிறு கயிற்றின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் திறந்த திடலில் ஓடலாம். பாராலிம்பிக் ஓட்டக்காரர்களும் இவ்வாறே ஓடுகின்றனர்.

நீரைப் பற்றிய அச்சத்தை முதலிலேயே குறிப்பிட்டோம். 2004 டிசம்பர் 26-ல் கடல் ஊருக்குள் புகுந்ததைக் கண்ட கடலோரக் கிராமங்களில் அந்த அச்சம் இன்னும் ஆழமானது. ஆயினும் இவ்வளவு நீர் சூழ்ந்த நாட்டில் நீந்தத் தெரியாத பிள்ளையே மிகுந்த அபாயத்தில் உள்ளது. கடலிலும் ஓடும் ஆற்றிலும் இப்பயிற்சி கூடாது. படித்துறையுள்ள, ஆழமறிந்த குளமே ஏற்றது. குறுக்கே ஒரு கயிறு, மிதவைச் சட்டை, நீச்சலறிந்த இருவர் அருகில், கரையில் ஓயாது குரல் கொடுக்கும் ஒருவர்: இவை நான்கும் இல்லாத நாளில் நீரில் இறங்கலாகாது. கரை நெருங்கும்போது நீண்ட கோலின் நுனியில் பஞ்சு கட்டி முதுகில் மெல்லத் தட்டி உணர்த்தும் முறை நீச்சல் போட்டிகளில் கையாளப்படுகிறது; மூங்கில் கழியே நமக்குப் போதும்.

பாட்டும் படிப்பும்

பார்வையற்ற பிள்ளை என்றவுடன் ‘பாட்டுக் கற்றுக்கொடுங்கள்’ என்று சொல்லாதவர் இல்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சரப சாஸ்திரியார் (1872–1904) இளமையிலேயே பார்வை இழந்தும் புல்லாங்குழலில் ஈடிணையற்ற வித்வானாக விளங்கியவர். காவிரிக் கரையில் பிறந்த நமக்கு அது பெருமையே. ஆனால் பார்வையுள்ள நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் குரல் வளம் உண்டோ, பார்வையற்ற நூறு பேரிலும் ஏறக்குறைய அத்தனை பேருக்கே இருக்கும். பாட விருப்பமில்லாத பிள்ளையை ஆர்மோனியத்தின் முன் அமர்த்துவதும் திண்ணையில் அமர்த்துவதும் ஒன்றே. கேட்டு மகிழ்வது வேறு. அதற்குக் காரைக்கால் வானொலி இருக்கிறது. கைப்பேசியில் ஒலிநூல்களும் வந்துவிட்டன.

விரலால் படிக்கும் எழுத்து முறையைக் கண்ட லூயி பிரெய்ல் ஒரு கிராமத்துச் சேணத் தொழிலாளியின் மகன். 1809-ல் பிறந்து, மூன்றாம் வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி குத்தியதால் கண்ணிழந்தவர். 1829-ல் தம் முறையை வெளியிட்டார். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தும் வந்தார். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த நம் ஊரில் அவர் நாட்டு மொழி அறிந்த முதியோர் இன்றும் சிலர் உளர். அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேரோ! இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெய்ல் முறை 1951-ல் ஏற்கப்பட்டது முதல் தமிழிலும் அவ்வாறு படிக்க முடிகிறது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் மட்டுமே பிரெய்லில் கிடைக்குமாயின், படிப்பது என்றால் தேர்வு என்றே அவர்கள் எண்ணுவர். கதைப் புத்தகம் நாலைந்தாவது வீட்டில் இருக்க வேண்டும்.

விவசாயக் குடும்பங்களில் நாம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: ‘சும்மா இருப்பதற்குப் பயறு புடைக்கட்டுமே, பூக் கட்டட்டுமே, அதுவும் பொழுதுபோக்குத்தானே?’ வேலை செய்யட்டும். வீட்டு வேலையில் பங்கு பெறுவது பிள்ளைக்கு மதிப்பையே தரும். ஆயினும் அதனைப் பொழுதுபோக்கு என்று கூறுதல் பொருந்தாது. பூக் கட்டுவதில் விருப்பமுள்ள பிள்ளை தானே எடுத்துக் கட்டினால் அது பொழுதுபோக்கு. கூடையைக் கொண்டுவந்து மடியில் வைத்தால் அது வேலை. இன்று என்ன ஆடுவது, யாரை அழைப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். தோற்றால் அழவும், அடுத்த ஆட்டத்தில் பழி தீர்க்கவும் அதற்கு வாய்ப்பு வேண்டும். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிறர் தீர்மானித்துத் தீர்மானித்து, ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாத நிலை வந்துவிடுகிறது. ஆகவே இரண்டு ஆட்டங்களைக் கற்பித்து, எது வேண்டும் என்று கேட்பது, பத்து ஆட்டங்களைக் கற்பிப்பதைவிட மேலானது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பணம் இதில் பெரிய தடையன்று. திடலில் முள், உடைந்த கண்ணாடி, மாடு கட்டும் முளை, மூடாத குழி ஆகியவை இல்லாமல் வைத்திருப்பது முதல் வேலை; இளைஞர் சங்கத்தார் ஒரு நாள் சிரமதானத்தில் முடித்துவிடலாம். வீட்டிலிருந்து திடலுக்குச் செல்லும் பாதை மாறாமல் இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் அப்பாதையில் வைக்கோற்போர் போடுவதும் வண்டி நிறுத்துவதும் நமக்குச் சிறு செயல். பழகிய வழியில் வரும் பிள்ளைக்கு அது சுவர். பள்ளிகளுக்கு வந்து செல்லும் சிறப்புக் கல்வி ஆசிரியரை ஒரு முறை மாலையிலும் வரச் செய்து, ஊர்ப் பிள்ளைகள் நால்வருக்கு உடன் ஆடும் முறையைக் கற்பிக்கக் கேட்க வேண்டும். தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் உள்ள பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளிகள் போன்ற விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, அங்கே கற்ற ஆட்டத்தை ஆட இங்கே துணை இருப்பதில்லை. அந்த நால்வர் அப்போது பயன்படுவர்.

விழாக்களில் இப்பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசுப் பொருள் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை விடுவது நல்லது. போட்டியில் பெயர் எழுதிக்கொள்ளட்டும், வென்றால் கொடுப்போம்.

ஓடுகயிறு கட்டும் ஊர்களுக்கு ஒரு குறிப்பு. நம் கடற்காற்றில் இரும்புக் கம்பி விரைவில் துருப்பிடித்துக் கையைக் கிழிக்கும். மீனவர் குப்பங்களில் கிடைக்கும் நைலான் கயிறே நீடித்திருக்கும். ஐப்பசியில் மழை தொடங்குமுன் கயிற்றை அவிழ்த்து, உலர்த்தி, பள்ளியில் வைத்துவிட வேண்டும். அம்மாதங்களில் பல்லாங்குழியும் தாயமும் நடக்கட்டும். தையில் மீண்டும் கட்டும்போது மழையில் கம்பம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, முடிவு முடிச்சின் தூரத்தை மறுபடியும் அளக்க வேண்டும். பிள்ளையை முதல் நாள் ஓடவிடாமல் இரு முறை நடக்கவிட்டு, முடிச்சு இருக்குமிடத்தை அதுவே சொன்ன பிறகு ஓடவிடலாம்.